பட்டியலில் இல்லாத கர்ப்பிணி

மூன்று வருடங்களுக்கு முன்னர், ஒரு மார்கழி மாத அடைமழையில் நடந்தது இது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு சுகாதார அலுவலகத்தில் அப்போது எனக்கு வேலை. வீடு வீடாகப் போய்த் தாய்மாரைப் பார்க்கும் மருத்துவமாதுக்கள் கையால் எழுதிவந்த கர்ப்பிணித் தாய்மார் பதிவேட்டைக் கணினிக்கு மாற்றும் பொறுப்பை என்னிடம் தந்திருந்தார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, கவனமாகத்தான் செய்தேன். ஒவ்வொரு மருத்துவமாதுவையும் சந்தித்து, யார் எதை எழுதுகிறார்கள், அது யாரிடம் போகிறது என்றெல்லாம் படம் வரைந்து பார்த்தேன். அவர்களில் ஒருவர் என்னைவிடப் பத்து வயது இளையவர். அவருடைய பதிவேட்டின் ஓரமெல்லாம் பென்சில் கிறுக்கல். என்னவென்று கேட்டேன். “அது எனக்கு விளங்குறத்துக்கு எழுதினது அக்கா” என்று சிரித்தார். நானும் அதை அப்படியே விட்டுவிட்டேன். படிவத்தில் இருந்த கட்டங்கள் மட்டும் என் திரைக்கு வந்தன. முகவரிக்கு ஒரே ஒரு கட்டம். எல்லோருக்கும் ஆளுக்கொரு டெப் கணினி கொடுத்து, இனிப் பதிவேடு தேவையில்லை என்று அலுமாரியில் வைத்துப் பூட்டினோம்.

அந்த மார்கழியில் ஐந்து நாள் விடாமல் மழை. ஆறாம் நாள் காலை, குளத்தின் வான்கதவுகளைப் பிற்பகலில் திறக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. தாழ்ந்த இடங்களில் இருக்கும் நிறைமாதக் கர்ப்பிணிகளை அதற்கு முன்னர் தோணியில் ஏற்றி வந்துவிடவேண்டும். முன்பென்றால் பதிவேடுகளைப் புரட்டவே அரைநாள் போயிருக்கும். நான் பத்து நிமிடத்தில் பட்டியலை அச்சிட்டுக் கையில் கொடுத்தேன். பெரிய டொக்டர் முதுகில் தட்டாத குறை. எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான்.

துறையில் இரண்டு இயந்திரத் தோணிகள் புறப்பட ஆயத்தமாக நின்றன. அந்த இளைய மருத்துவமாது குடைக்குள் நின்றபடி பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

“அக்கா, இதுல ஒரு ஆள் இல்லையே. எட்டு மாசம் முடிஞ்ச புள்ள.”

பெயரைச் சொன்னதும் தேடிப் பார்த்தேன். “அவட வீடு மேட்டுப் பக்கம்தானே, தங்கச்சி. அங்க தண்ணி வராது. அதான் லிஸ்ட்ல வரயில்ல.”

“வீடு மேட்டுலதான். ஆனா அவ வீட்டுல இல்லையே! வெள்ளாமக் காவலுக்குப் புருசனோட வட்டைக்குள்ள வாடியில இரிக்கா. போன கிழமை நான் அங்க போய்த்தானே பாத்தன்.”

சொல்லிக்கொண்டே டெப்பின் உறையைத் திறந்து காட்டினார். உள்பக்கத்தில், காயத்துக்கு ஒட்டும் வெள்ளைப் பிளாஸ்டரை நீளமாக வெட்டி ஒட்டியிருந்தார். அதில் பொடி எழுத்தில் நான்கு பெயர்கள், எதிரே அவர்கள் இப்போது தங்கியிருக்கும் இடங்கள். முன்பு பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் கிறுக்கியதும் இதைத்தான். என் திரையில் எழுத இடமில்லாததால் அவர் கண்டுபிடித்த வழி அது.

அந்தப் பெண்ணின் கணவனுடைய தொலைபேசிக்கு அடித்தோம். வேலை செய்யவில்லை. வாடி என்பது வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு நடுவில், யானைக்குக் காவல் இருக்கும் ஓலைக் குடிசை. வான்கதவு திறந்தால் முதலில் தண்ணீர் பாயும் இடமும் அதுதான்.

“நான் போய்க் கூட்டிட்டு வாறன். மற்றத் தோணிய லிஸ்ட்டுல உள்ள ஆக்களக் கூட்டிவர அனுப்புங்க” என்று அவர் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

நான் துறையில் நின்றேன். மற்றத் தோணி இரண்டு தடவை போய் வந்தது. பட்டியலில் இருந்தவர்கள் எல்லோரும் பத்திரமாக வந்து இறங்கினார்கள். அவர்களைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பயம்தான் கூடியது. ஏதும் நடந்தால் யார் முகத்தில் விழிப்பேன்? தண்ணீர் செய்ததென்று மற்றவர்கள் சொல்வார்கள். நான் செய்ததென்று எனக்குத் தெரியுமே.

மதியம் தாண்டித்தான் இயந்திரச் சத்தம் கேட்டது. தோணியின் நடுவில் மருத்துவமாது குடை பிடித்திருக்க, அவர் தோளில் சாய்ந்தபடி அந்தப் பெண். பின்னால் கணவன், மடியில் ஒரு நாய்க்குட்டி. குடிசைக்குள் மழைத் தண்ணீரே முழங்கால் அளவு வந்துவிட, இருவரும் காவல் பரணில் ஏறி உட்கார்ந்திருந்தார்களாம். இறங்க நான் கை கொடுத்தேன். அவளுடைய கை குளிர்ந்துபோயிருந்தது.

“நாங்க வட்டைக்குள்ள இரிக்கம் எண்டு எப்பிடித் தெரியும் மிஸ்?” என்று கேட்டாள்.

மருத்துவமாது ஒரு கணம் என்னைப் பார்த்தார். “ஒபிஸ்ல எல்லாம் எழுதி இரிக்கு புள்ள” என்றார்.

திரும்பி நின்று அழுதேன். மழையில் யாருக்கும் தெரிந்திருக்காது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம் என்று கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

வெள்ளம் வடிந்ததும் எல்லா மருத்துவமாதுக்களையும் கூப்பிட்டு, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். ஒருவர் கைப்பைக்குள் இருந்து ஒரு கொப்பியை எடுத்தார். இன்னொருவர் கலண்டர் தாளை எடுத்தார். எல்லாவற்றிலும் என் திரையில் இடமில்லாத குறிப்புகள். எனக்குப் பயந்து ஒளித்து வைத்திருந்தார்களாம்! அவர்களோடு வீடு வீடாக நடந்து, வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்து, திரையைப் புதிதாக அமைத்தோம். “இப்போது தங்கியிருக்கும் இடம்” என்ற கட்டம்தான் அதில் முதலாவது.

இன்றைக்கும் புதிய வேலை ஒன்றைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்தக் குளிர்ந்த கை நினைவுக்கு வரும். எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்ற எண்ணம் உடனே அடங்கி, எதிரில் இருப்பவர் சொல்வதை இன்னும் கொஞ்ச நேரம் கேட்கத் தோன்றும்.