பசை போட்டு மூடிய ரோபோ

மதுரைப் பள்ளி ஒன்றில் பயிலரங்கு நடத்த, பெட்டிக்குள் மடங்கும் ரோபோ ஒன்றை நானும் என் தோழி கவிதாவும் செய்திருந்தோம். வயர்கள் தெரிந்தால் அசிங்கம் என்று, அதன் மார்பு மூடியை நான் பசை போட்டு ஒட்டிவிட்டேன்.

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் பெட்டியை எடை போட்ட தமிழ் ஊழியர், “பேட்டரியைக் கழட்டிக் கையில எடுத்துக்குங்க. இல்லன்னா பெட்டி போகாது” என்றார். பேட்டரி மூடிக்குள் இருந்தது. கவுண்டரை மூடும் நேரம் நெருங்கிவிட்டது.

“ஸ்க்ரூ போடுன்னு சொன்னேன் லா! அழகு பாத்தியே, இப்பப் பாரு!” கவிதா பல்லைக் கடித்தாள்.

“அப்புறம் திட்டு, இப்பப் பிடி!”

அவள் ரோபோவை இறுக்கிப் பிடிக்க, வீட்டுச் சாவியை இடுக்கில் செருகி நெம்பினேன். உள்ளே வயர் அறுந்தால் பயிலரங்கே இல்லை. படக்கென்று மூடி இரண்டாக உடைந்தது. நல்லவேளை, வயர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பேட்டரியைக் கழற்றியதும் பெட்டி போனது.

மறுநாள் வகுப்பில், திறந்த மார்போடு நின்ற ரோபோவைக் காட்டவே எனக்குக் கூச்சமாக இருந்தது. அது கையசைத்ததை மாணவிகள் ஒரு தடவைதான் பார்த்தார்கள். பிறகு மொத்தக் கூட்டமும் அதன் மார்பருகே குனிந்தது.

“அக்கா, இந்தச் சிவப்பு வயர் எங்க போகுது?”

மூடி உடையாமல் இருந்திருந்தால் கைதட்டிவிட்டுப் போயிருப்பார்கள். நானும் சந்தோஷமாக ஊர் திரும்பியிருப்பேன். அவர்கள் எதையும் கற்கவில்லை என்பதே எனக்குத் தெரிந்திருக்காது.