ஊருக்கே நம்பர் கொடுத்தவர்

விராலிமலையில் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தபோது, மணமேல்குடிப் பக்கம் கருவாடு விற்கும் பஞ்சவர்ணம் போனில் கூப்பிட்டார். சும்மா கூப்பிடுகிற ஆள் இல்லை அவர். "டீச்சர், பாய் மௌத்தாயிட்டாங்க. காலையில தொழுதுட்டு வந்து படுத்தவங்க எந்திரிக்கல. சாயங்காலம் அசர் தொழுகைக்கு எடுக்குறாங்களாம், வந்துருவீங்களா?" என்றார். வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினேன். புதுக்கோட்டை, அறந்தாங்கி என்று பஸ் மாறிப் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். முகம் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

ஹமீது பாயை உங்களில் பலர் வலைக்கடை பாயாகத்தான் அறிந்திருப்பீர்கள். மணமேல்குடிக்குக் கிழக்கே கடலோரக் குடியிருப்பில் வலைநூலும் மிதவையும் ஈயக்குண்டும் விற்றவர். நான் அரசின் டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டத்தில் ஊர் ஊராகப் போய்ப் போனும் வங்கியும் சொல்லிக்கொடுக்கிறவள். எனக்கு அவர் அறிமுகமானது ஒரு வேடிக்கையில்.

அவர் கடைக்கு எதிரே சமுதாயக்கூடத்தில் முதல் வகுப்பு. பெண்களிடம் ஆதார் எண்ணைப் போடச் சொல்லி, "இப்போது உங்கள் போனுக்கு ஒரு ஓடிபி வரும், பாருங்கள்" என்றேன். எல்லோரும் போனையே பார்த்தார்கள். ஒருவருக்கும் வரவில்லை. சிக்னல் இல்லையோ என்று நான் ஜன்னல் பக்கம் போனபோது, எதிர்க்கடையிலிருந்து ஒருவர் ஒரு கையில் கைலியையும் மறு கையில் விடாமல் சத்தம் போடுகிற போனையும் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்து வந்தார். "டீச்சர், கொஞ்சம் மெதுவா அனுப்பச் சொல்லுங்க. எது யாருதுன்னு எனக்கே வெளங்கல" என்றார். கூடமே சிரித்தது. எனக்குத் தலை சுற்றியது.

விசாரித்தேன். வங்கிக் கணக்கு, ஆதார், கேஸ் சிலிண்டர் என்று ஒவ்வொன்றாக ஊருக்குள் வந்த காலத்தில், அங்கே போன் இருந்தது சவுதியிலிருந்து திரும்பியிருந்த இவரிடம் மட்டும்தான். "நம்பர் கேட்டா அவங்க என்னத்தச் சொல்லுவாங்க? கடை நம்பரக் குடுத்தாங்க. குடுத்துக்கங்கன்னுட்டேன்" என்றார். பிறகு வீட்டுக்கு வீடு போன் வந்தது. பதிவில் இருந்த நம்பரை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. பிள்ளைகளின் பரீட்சை முடிவுகூட அவருக்குத்தான் முதலில் தெரியும். கடையை விட்டு இறங்கிப் போய் வீடு வீடாகச் சொல்லிவிட்டு வருவார்.

இவ்வளவு பேருடைய சமாச்சாரத்தையும் வைத்துக்கொண்டு ஒரு மனிதரால் வாயை மூடிக்கொண்டு எப்படி இருக்க முடிகிறது என்று எனக்கு ஒரே குறுகுறுப்பு. கேட்டும் விட்டேன். "மறந்துருவேன் டீச்சர். மறதி அல்லா குடுத்தது" என்று சிரித்தார்.

அப்புறம் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. தஞ்சாவூரில் வைத்தியம் முடிந்து திரும்பியவர் நேராக என் வகுப்புக்கு வந்து உட்கார்ந்தார். "எல்லாரையும் என் நம்பர்லேருந்து எறக்கி விட்டுரணும் டீச்சர். நான் போயிட்டா கம்பெனிக்காரன் இந்த நம்பரத் தூக்கி வேற எவனுக்காவது குடுத்துருவான். அப்ப இவங்க செய்தியெல்லாம் எவன் வீட்டுக்குப் போகும்?" இத்தனை வகுப்பு எடுத்த எனக்கு அது தோன்றவே இல்லை. அவர் சொன்ன இன்னொன்றையும் நான் எல்லா ஊரிலும் சொல்கிறேன்: "நம்ம செய்தி நம்ம கையில விழணும். அடுத்தவன் நல்லவனா இருக்கிறதாலதான் நாம பிழைக்கணும்னா, அது என்ன பிழைப்பு?"

வாரத்துக்கு ஒரு நாள் கடையை மச்சான் பொறுப்பில் விட்டுவிட்டு, பெண்களை ஷேர் ஆட்டோவில் ஏற்றி வங்கிக்கும் ஆதார் மையத்துக்கும் கூட்டிப் போனார். நானும் போனேன். "எறங்குங்க, எறங்குங்க, என் நம்பர் ஃபுல்லாயிருச்சு" என்று கண்டக்டர் மாதிரி சத்தம் போடுவார். ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

பஞ்சவர்ணம் மட்டும் மாட்டேன் என்றுவிட்டார். கையிலிருந்த டேப்லெட்டில் "விருப்பமில்லை" என்பதை அழுத்திவிட்டு நான் அடுத்த வீட்டுக்குக் கிளம்பினேன். பாய் நின்றுவிட்டார். "ஏன் விருப்பமில்லன்னு கேட்டீங்களா?" அதற்கு இதில் இடமில்லை பாய் என்றேன். "எடமில்லாட்டி கேக்கக் கூடாதா?" என்றார். எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது.

பஞ்சவர்ணத்தைப் பற்றி எனக்கு ஏற்கெனவே ஒரு சந்தேகம் உண்டு. பாய் எப்போதாவது அவர் வாசலில் நின்று, "பஞ்சவர்ணம், ஐஸ் வந்துருச்சு" என்று குரல் கொடுத்துவிட்டுப் போவார். பஞ்சவர்ணம் விற்பது கருவாடு. கருவாட்டுக்கு எதற்கு ஐஸ்? மறுநாள் அவர் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

"எம் மகன் குடிக்கிறவன் டீச்சர். என் போனு எந்நேரமும் அவன் கையிலதான். பென்ஷன் வந்த மெசேஜ் அதுல வந்தா, எனக்கு முன்னாடி அவனுக்குத் தெரிஞ்சுரும். அடிச்சுப் புடுங்கிருவான். பாய் நம்பர்ல வந்தா அவங்க ஐஸ் வந்துருச்சும்பாங்க. நான் சத்தமில்லாமப் போயி எடுத்து அரிசி பருப்பு வாங்கிப் போட்டுருவேன்."

அறியாமை என்று நான் நினைத்தது அந்த அம்மாளின் பூட்டாக இருந்தது. அந்தப் பூட்டும் பாயின் உயிரோடு போய்விடும். அதுதான் அவரைத் தூங்கவிடாமல் செய்தது.

சில நாள் கழித்து, பஞ்சவர்ணத்தின் பேரிலேயே ஒரு புது சிம் வாங்கி, கடையில் கிடந்த பழைய பட்டன் போனில் போட்டுக்கொண்டு வந்தார். தொடுதிரை போனுக்குத்தான் நமது பயிற்சி என்று நான் இழுத்தேன். "திட்டத்துக்கு போன் வாங்குறோமா, பஞ்சவர்ணத்துக்கா?" என்றார். "டச் போன்னா பய தூக்கிட்டுப் போயிருவான். இத எவன் சீந்துவான்? சத்தத்த அமத்திக் கருவாட்டுக் கூடைக்குள்ள போட்டு வச்சுக்கம்மா. அதுக்குள்ள எவன் கைய விடுவான்?" பஞ்சவர்ணத்துக்கு எழுத்து தெரியாது, எண் நன்றாகத் தெரியும். பென்ஷன் செய்தி எப்படி வரும், தொகை எந்த இடத்தில் இருக்கும் என்று அவருக்குக் கண் பழகும்வரை பாய் காட்டினார். அடுத்த முறை பென்ஷன் வந்ததை யாரும் சொல்லாமல் அவரே பார்த்துப் போய் எடுத்துவந்தார். கடைக்கு வந்து நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலம் ஒன்றை வைத்துவிட்டுப் போனார். பாய் அன்று முழுக்க எல்லோரிடமும் கருவாட்டைப் பற்றியே பேசினார்.

அடக்கம் முடிந்த அன்று மாலை, அவர் மனைவி ரஹ்மத்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பாயின் போன் அலமாரியில் இருந்தது. திடீரென்று அதில் ஒரு மெசேஜ் சத்தம். எல்லோரையும்தான் மாற்றிவிட்டோமே, இது யாருடையது என்று எடுத்துப் பார்த்தேன். ரஹ்மத்து அக்காவின் வங்கிக் கணக்குக்கு வந்தது.

"அக்கா, ஒங்களோடத மாத்தலையா?"

"அவங்க சொல்லிக்கிட்டேதான் இருந்தாங்க. நான்தான் வேணாம்னுட்டேன்."

"ஏன் அக்கா?"

"விடியக் கடைக்குப் போனா ராத்திரிதான் வருவாங்க. மத்தியானச் சோறும் அங்கிட்டுத்தான் போகும். எனக்குன்னு ஒரு மெசேஜ் வந்தா மட்டும் சொல்றதுக்கு வீட்டுக்கு ஒரு நடை வருவாங்க. வந்து ஒரு டீ குடிப்பாங்க. நம்பர மாத்திட்டா அப்புறம் எதுக்கு வருவாங்க?"

"பாய் காரணம் கேக்கலையா?"

"எங்கிட்ட மட்டும் கேட்டதே இல்ல" என்றார். சிரிக்கப் போனவர் அழுதுவிட்டார். எனக்கும் அடக்க முடியவில்லை. ஊரில் எல்லோரிடமும் ஏன் என்று கேட்ட மனிதர், அங்கே மட்டும் தெரிந்தேதான் கேட்காமல் இருந்தாரா? இனி யாரிடம் கேட்பது?

யாராவது வேண்டாம் என்றால் இப்போதெல்லாம் எதையும் அழுத்தாமல் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறேன். பாயிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அது ஒன்றுதான். அவருடைய நம்பர் போய்விடாமல் நான்தான் ரீசார்ஜ் போடுகிறேன். கணவனை இழந்தவர் வீட்டோடு இருக்கும் இத்தா காலம் முடிந்ததும் ரஹ்மத்து அக்காவைக் கூட்டிப் போய் மாற்றியாக வேண்டும், அது என் வேலை. மாற்றிக்கொள்வோமா அக்கா என்று கேட்கத்தான் வாய் வரவில்லை.