டர்போவும் நாலு எலுமிச்சம்பழமும்

இன்று காலை அண்ணன் பலாங்கொடையிலிருந்து ஒரு கார் ஓட்டிக்கொண்டு வந்தான். இரண்டு கை மாறியதுதான், ஆனால் டர்போ வைத்தது. எங்களுக்குப் புதுசு.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எந்த வண்டி வந்தாலும் முதலில் கோயில். நாலு டயருக்கும் அடியில் நாலு எலுமிச்சம்பழம்.

கோயிலுக்கு முன்னால் ரோடு மேடு. "மெதுவா எடு தம்பி," என்றார் பூசாரி.

அண்ணன் மிதித்தான். கார் அசையவில்லை. இன்னும் அழுத்தி மிதித்தான். ஒரு நொடி சும்மா இருந்துவிட்டு, திடீரென்று பாய்ந்தது பாருங்கள்! ஓரமாக நின்ற பூசாரி சூடத் தட்டோடு தேயிலைக்குள் குதித்தார். தெறித்த சாறு முழுக்க அவர் வேட்டியில்.

அண்ணன் இறங்கி ஓடினான். "மன்னிச்சுக்கங்க மாமா. எஞ்சின் புகை போய்த்தான் டர்போவ சுத்தணும். அது வேகம் புடிக்கிற வரைக்கும் இழுவை வராது. அவசரப்பட்டு கூட மிதிச்சிட்டேன்."

பூசாரிக்கு மற்ற நாட்களில் தேயிலை ஃபெக்டரியில் பெரிய காற்றாடி போட்டுக் கொழுந்து வாட்டும் வேலை. "அட, நம்ம பெரிய காத்தாடி மாதிரின்னு சொல்லு! சுவிட்ச போட்டாலும் அது ஒடனே காத்து தராதே," என்று சிரித்தார். "அப்ப தப்பு நம்மதுதான். பழத்த டர்போவுக்கும்ல வச்சிருக்கணும்!"

இப்போது அண்ணன் பொனட்டைத் திறந்து ஐந்தாவது பழத்துக்கு இடம் தேடுகிறான்.

டர்போ கார் வைத்திருப்பவர்களே, அந்தச் சூட்டில் எலுமிச்சம்பழம் தாங்குமா?