பாலைவனத்துப் பெட்டி

டொராண்டோவின் ஸ்காபரோவில் எங்கள் வீடு பதினோராம் மாடியில், மேற்குப் பார்த்தபடி இருக்கிறது. பனிக்காலத்தில் அது நல்ல வீடு. ஜூலையில் அது பாண் வேகும் போறணை அடுப்பு. பகல் முழுக்கச் சுவர் குடித்த வெயிலைப் பின்னேரம் எங்களிடமே திருப்பித் தரும். சன்னலில் ஏசி பூட்டக் கட்டடக்காரர் விடமாட்டார். எப்போதோ யாரோ பூட்டியது கழன்று, கீழே நின்ற ஒரு காரின்மேல் விழுந்துவிட்டதாம். காருக்குள் ஆளில்லை. ஆனாலும் அந்தக் காருக்காகக் கட்டடம் முழுவதும் இன்றுவரை வியர்த்துக்கொண்டிருக்கிறது. குழாய் வைத்த ஏசியாவது வைக்கலாமா என்று கேட்டதற்கு, பழைய கட்டடம், மின்சாரம் தாங்காது என்றார்கள். நானும் பழைய கட்டடம்தான். என்னை யாரும் கேட்கவில்லை.

முந்தின கோடையில் மனைவி சமையலறையில் தலை சுற்றி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். அவளுக்குப் பிரஷர் உண்டு. குளிர்ச்சியான இடத்தில் வைத்திருங்கள் என்று டொக்டர் சொன்னார். செய்தி அன்றைக்கே யூனியன்விலுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே இருப்பது அவளுடைய தங்கையும் தங்கை புருஷனும், அதாவது என் சகலனும். அவர்களுடையது முழு வீட்டுக்கும் ஏசி போட்ட வீடு. ஜூலை மாதத்தில் சால்வை போர்த்திக்கொண்டு தேத்தண்ணி குடிக்கும் குடும்பம்.

"அண்ணை, அக்காவை செப்டம்பர் வரைக்கும் இஞ்சை விடுங்கோவன். நீங்கள் உங்கடை வெய்யிலோடை இருங்கோ" என்றார் சகலன்.

"இந்த முறை இஞ்சையே சமாளிப்பம். அடுத்த கோடைக்கு நான் ஒரு வழி பாக்கிறன்" என்று வாய் விட்டுவிட்டேன். உண்மையில் பயந்துபோயிருந்தேன். அவள் இல்லாத வீட்டில் இரண்டு மாதம் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. அதை வெளியே சொல்லத் துணிவில்லாததால் வீரம் பேசினேன்.

அடுத்த ஜூனில் மகளைப் பார்க்கப் போனோம். அவளுக்கு நியூ மெக்சிகோவில், ஒரு வைத்தியசாலையில் வேலை. கடல் மட்டத்திலிருந்து ஐயாயிரம் அடிக்கு மேலே கிடக்கும் பாலைவனம் அது. மணலை எதிர்பார்த்துப் போன எனக்குக் கிடைத்தது காய்ந்த செம்மண், முழங்கால் உயரச் சாம்பல் நிறப் பற்றைகள், தூரத்தில் நீல மலை, எல்லாவற்றுக்கும் மேல் தேவைக்கு அதிகமான வானம்.

முதல் நாள் மத்தியானம் இரண்டு மணிக்குப் பால் வாங்கி வருகிறேன் என்று கிளம்பினேன்.

"அப்பா, தொப்பி போடுங்கோ. தண்ணிப் போத்தல் கொண்டுபோங்கோ. ப்ளீஸ்."

"பிள்ளை, நான் வெய்யிலுக்கை பிறந்தவன். எனக்கு நீ வெய்யில் பழக்கிறியோ?"

"இது வேற வெய்யில் அப்பா. ட்ரை ஹீட்."

எங்கள் ஆட்களிடம் வெயிலை அளக்க ஒரே ஒரு கருவிதான் உண்டு: முதுகு. போட்டிருக்கும் சேட்டு முதுகில் ஒட்டினால் வெயில், ஒட்டாவிட்டால் வெயில் இல்லை. பத்து நிமிடம் நடந்தேன், ஒட்டவில்லை. இவ்வளவுதானா உங்கள் பாலைவனம் என்று நினைத்துக்கொண்டு ஒரு சின்ன ஏற்றத்தில் ஏறினேன். பாதியில் நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. மூச்சு எங்கேயோ பின்னால் நின்றுவிட்டது. ஒரு தபால் பெட்டியின் நிழல் தெரிந்தது. அந்த நிழலுக்குள் என்னில் பாதிதான் கொள்ளும். மற்றப் பாதியைப் பாலைவனத்துக்குக் கொடுத்துவிட்டுக் குந்தியிருந்தேன்.

மகள் காரில் வந்து பிடித்தாள்.

"என்னப்பா செய்யிறீங்கள்?"

"சும்மா. காத்து வாங்கினனான்."

"இஞ்ச காத்தே இல்லை அப்பா. கெட் இன்."

வீட்டுக்கு வந்து சேட்டைக் கழற்றினால் முதுகில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. வியர்த்துத்தான் இருக்கிறேன். எனக்குத் தெரியாமல் அந்தக் காற்று அதைக் குடித்துவிட்டிருக்கிறது. மனைவி சேட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "பத்து நிமிசத்திலை உப்பளம் வைச்சிட்டியள்" என்றாள். சிரித்தாள். அவள் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

நான் தேய, அவள் தேறினாள். காரணம் மகள் வீட்டுச் சன்னலில் இருந்த ஒரு பெட்டி. உள்ளே வைக்கோல் போன்ற நார் மெத்தை, அதன்மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர், பின்னால் ஒரு காற்றாடி. வெளியே கொதிக்கும் காற்று ஈர நாருக்குள்ளால் வந்ததும் குளிர்ந்துவிடும். எதிர்ப்பக்கச் சன்னல் எப்போதும் கொஞ்சம் திறந்தே கிடக்கும். அவ்வளவுதான். மனைவி மத்தியானத்தில் கண்ணயர்ந்தாள். பிரஷர் இறங்கியது. அந்த ஊர்ப் பச்சை மிளகாயை வாங்கி, கீறி, மோரில் ஊறவைத்துக் கொல்லையில் காயப்போட்டாள். ஸ்காபரோ பல்கனியில் ஒரு கிழமை கிடந்தும் பாதிக்குப் பூஞ்சணம் பிடிக்கும். அங்கே மூன்றாம் நாளே கையில் அள்ளினால் கலகலவென்றது. வெயிலைப் பற்றி அவள் ஒரு நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

ஒரு பின்னேரம் மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. மேகத்திலிருந்து மழை சாம்பல் நூலாகத் தொங்குவது கண்ணுக்குத் தெரிந்தது.

"இஞ்சேருங்கோ, மிளகாய்! மழை!" என்று மனைவி கத்த, நான் தட்டுகளோடு மூன்று தரம் ஓடினேன். ஒரு துளியும் விழவில்லை.

"அது வராது அம்மா. பாதி வழியிலயே காய்ஞ்சு போயிடும்" என்றாள் மகள்.

மழையையே அந்தரத்தில் குடித்துவிடும் காற்று அது. அங்கே அந்தப் பெட்டி ஏன் வேலை செய்கிறது என்பதை மூளை உள்ளவன் அந்த இடத்திலேயே பிடித்திருப்பான். நான் பிடித்தது பெட்டியை மட்டும். திரும்பிப் போவதற்கு இரண்டு நாள் முன்பு, சின்னதாக, நிலத்தில் வைக்கும் வகையில் ஒன்று வாங்கினேன்.

"அப்பா, இது டொராண்டோல வேலை செய்யாது. அங்க ஹ்யூமிட், காத்திலயே தண்ணி நிறைஞ்சிருக்கு."

"பிள்ளை, தண்ணியும் காத்தும் எங்கை போனாலும் தண்ணியும் காத்தும்தான்."

"ஓகே, அப்பா." நோயாளிகளிடம் அவள் அந்தக் குரலில்தான் பேசுவாளாக்கும்.

பெட்டியைக் கழற்றிச் சூட்கேசில் அடுக்கி, குளியலறைத் தராசில் நிறுத்தேன். நிறை கூடிவிட்டது. என் காற்சட்டைகள் மூன்றை மகள் வீட்டில் விட்டேன். மிளகாயில் கைவைக்க மனைவி விடவில்லை. டொராண்டோ விமான நிலையத்தில் சுங்க அதிகாரி நார் மெத்தையைத் தூக்கிப் பார்த்து, "முயலுக்கா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "இல்லை, மனைவிக்கு" என்றேன். அவர் சூட்கேசை மூடி என் பக்கம் தள்ளினார்.

ஜூலை வந்தது. மூன்று நாளாக வானம் ஈரத்துணி மாதிரி மேலே கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சகலன், வெக்கை விடும்வரை தங்கள் வீட்டில் வைத்திருக்க, மனைவியைக் கூட்டிப்போக வந்தார்.

"இருங்கோ தம்பி, ஒரு சாமான் காட்டுறன்" என்று பெட்டியைக் கூடத்தின் நடுவில் வைத்தேன். தண்ணீர் ஊற்றினேன். பிறகு எல்லாச் சன்னலையும் பல்கனிக் கதவையும் இறுகச் சாத்தினேன். முப்பது பனிக்காலம் பார்த்தவன் வீட்டுக்குள் எதைப் போட்டாலும் முதலில் கதவைத்தான் சாத்துவான். மகள் வீட்டில் எதிர்ச் சன்னல் திறந்திருந்தது எனக்கு ஞாபகமே வரவில்லை. அது அவளுடைய கவலையீனம் என்றுதான் அங்கேயே நினைத்திருந்தேன்.

ஐந்து நிமிடம் குளிர்ந்தது. சகலன்கூட "பரவாயில்லையே" என்றார். பிறகு காற்று கனத்தது. சுவர்க் கண்ணாடி மங்கியது. கலண்டர் தாள் சுருண்டது. சகலன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டார். மறுபடி துடைத்தார்.

"அண்ணை, இடியப்பம் எப்ப வேகும்? நாங்களும் சேர்ந்து வெந்திடுவம் போலை."

"கொஞ்சம் பொறுங்கோ. ஐஸ் போட்டால் சரியாயிடும்."

"மிளகாய் நமத்துப் போச்சுது" என்று மனைவி சமையலறையிலிருந்து சொன்னாள். சகலனுக்குப் பொரிக்க எடுத்த மிளகாய்ப் போத்தலை அவசரத்தில் மூடாமல் விட்டிருந்தோம். அவள் ஐஸ் தட்டோடு வந்தாள். பாதி வழியில் ஒரு கையைச் சுவரில் வைத்தாள். பிறகு போன கோடையைப் போலவே மெல்ல நிலத்தில் இருந்துவிட்டாள். ஐஸ் கட்டிகள் என் காலடி வரை உருண்டு வந்தன.

பெட்டியை நிறுத்தினேன். கதவையெல்லாம் திறந்தேன். வெளியே இருந்த வெக்கை உள்ளே இருந்ததைவிடக் குளிர்ச்சியாக இருந்தது. சகலன் பகிடியை விட்டுவிட்டு, தண்ணீர் கொண்டுவந்து அவளிடம் பிடித்துக்கொடுத்தார்.

"ஒண்டுமில்லை. இப்ப சரி" என்றாள். தண்ணீரைக் குடித்து முடித்து, "நான் தங்கச்சி வீட்டை போறன். உங்களுக்குக் கோவமே?" என்று கேட்டாள்.

"எனக்கென்ன கோவம்?"

"பிள்ளை என்னைத் தன்ரை வீட்டிலையே நிக்கச் சொன்னவள், செப்டம்பர் வரைக்கும். நீங்கள் தனிய இருப்பியள் எண்டுதான் வந்தனான்."

இதை அவள் அதுவரை சொல்லவில்லை. ஒரு வருடமாக நான் அவளுக்காக வழி பார்த்துக்கொண்டிருந்தேன். அவளோ எனக்காக, நான் வெறும் பெட்டியைத் தூக்கி வந்த அதே விமானத்தில், குளிரை விட்டுவிட்டு வந்திருக்கிறாள். அவளுக்கு எங்கே இருக்க விருப்பம் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

சகலன் காரை எடுக்க எழும்பினார். பதினைந்து வருடமாக அவரிடம் நான் எதுவும் கேட்டதில்லை. தொண்டையைச் செருமினேன்.

"தம்பி, உங்கடை வீட்டிலை எனக்கும் ஒரு மூலை இருக்குமோ?"

ஒரு நல்ல நக்கல் வரும் என்று தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தேன். வந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"கீழை பேஸ்மென்ற் சும்மாதான் கிடக்கு அண்ணை. ஸ்வெட்டர் எடுங்கோ" என்றார்.

பெட்டியைக் கட்டடத்துக் குப்பை அறைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். அன்றிரவே யாரோ எடுத்துப் போய்விட்டார்களாம். எந்த மாடியில் இடியப்பம் அவிகிறதோ தெரியாது.

யூனியன்விலில் மனைவி மத்தியானம் நித்திரை கொள்கிறாள். பிரஷர் இறங்கிவிட்டது. நமத்த மிளகாயை அவள் எறியாமல் கொண்டுவந்து, ஏசிக் காற்று வரும் துவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் பரப்பியிருந்தாள். நாலாம் நாள் அதைப் பழையபடி போத்தலில் போட்டு, மேல்மாடியிலிருந்து இறங்கி வந்து என் காதோரம் குலுக்கினாள். கலகலவென்றது.

"கேக்குதே?"

"ஓம்" என்றேன், சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு.