சோலார் மாடிகளில் நான் பட்ட ஷாக்குகள்

சோலார் வைத்த வீடுகளில் மாடி ஏறி, ஒயரெல்லாம் பத்திரமாக இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. போனதும் மோர் கொடுப்பார்கள், "இதை மாத்தணும்" என்றதும் டம்ளரைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். அடுத்தவர் வீட்டில் குறை கண்டுபிடித்துப் பிழைக்கும் என் இனத்தாருக்கு இது புரியும்.

மிளகாய்

போலாரத்தில் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வீடு. அவர் மனைவி வேலூர்க்காரம்மா. பேனல் மேல் மிளகாய் காய்ந்தது, கேபிள் மேல் ஈரத்துணி சொட்டியது. கீழே மெயினை அணைத்தாலும் வெயில் இருக்கும்வரை பேனலில் கரண்ட் இருக்கும், கேபிள் எங்காவது உரிந்திருந்தால் ஈரத்துணி ஆளைத் தூக்கிவிடும் என்றேன். அந்தம்மா பயந்துபோய்த் துணியை எல்லாம் உருவினார். மிளகாயைத் தொடவில்லை.

"மிளகாய்ல ஏது தம்பி ஈரம்? உங்க பேனல் வெயில்ல சும்மாதானே படுத்திருக்கு."

ரோஜாத் தொட்டி

உப்பலில் ராவ் காரு, நம்ம தமிழில் ராவ் ஐயா, அவர் வீட்டில் இன்வெர்ட்டரைத் தொட்டால் விரல் சுருக்கென்றது. எர்த் கம்பி எங்கே போகிறது என்று பிடித்துக்கொண்டே போனேன். அது ஒரு ரோஜாத் தொட்டிக்குள் போய் முடிந்தது. ஈசானிய மூலையில் இரும்பு கூடாது என்று வாஸ்துக்காரர் சொன்னாராம், அதனால் தரையில் அடித்திருந்த கம்பியைப் பிடுங்கித் தொட்டியில் நட்டுவிட்டாராம். கரண்ட் கசிந்தால் பூமிக்குள் இறங்க வழி வேண்டும், தொட்டிக்குள் இறங்கி எங்கே போகும் என்று கேட்டேன். அவர் முகம் வாடிவிட்டது.

"நீங்கதானே மண்ணுல பதிக்கணும், தண்ணி ஊத்தணும்னு சொன்னீங்க? தினம் ரெண்டு வேளை ஊத்தறேன்."

குல்ஃபி

ராமச்சந்திராபுரத்தில் செல்வம் வீட்டிலேயே குல்ஃபி செய்து விற்பவர். கரண்ட் போனால் அவர் வீட்டு சோலாரும் தானே நின்றுவிடும். நாம் அனுப்பும் கரண்ட் தெருக் கம்பிக்குப் போய், அங்கே வேலை செய்பவரை அடிக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. நண்பகலில் வெயில் கொளுத்தும்போது சோலார் ஓய்வெடுப்பதை அவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

அன்று கரண்ட் போன நேரத்தில் நான் போனபோது, வாசலில் ஒரு ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. அதிலிருந்து வந்த ஒயரின் இரண்டு முனையிலும் பிளக். ஒன்றைச் சுவர் சாக்கெட்டில் செருகி, வீட்டுக்கே கரண்ட் கொடுத்துக்கொண்டிருந்தார். மெயினைக்கூட அணைக்கவில்லை, அந்தக் கரண்ட் தெருக் கம்பிக்கும் போய்க்கொண்டிருந்தது. குல்ஃபி உருகுகிறதே என்றார் பரிதாபமாக.

தெருவைத் திரும்பிப் பார்த்தேன். எதிர்க் கம்பத்தில் ஏணி சாத்தி, லைன்மேன் யாதகிரி கால் வைத்துவிட்டார். "அண்ணா, நக்கோ, ஏறாதீங்க" என்று கத்திக்கொண்டே ஓடினேன். செல்வத்துக்கு அப்போதுதான் உறைத்தது. பாய்ந்துபோய் ஜெனரேட்டரை நிறுத்தினார். அந்த ஒயரைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டேன்.

யாதகிரி திட்டவே இல்லை. தண்ணீர் வாங்கிக் குடித்தார், மெயினை அணைத்தார், கம்பியைச் சோதித்தார். பிறகு செல்வத்தைக் கையைப் பிடித்துத் தெருவுக்குக் கூட்டிப்போனார்.

"நான் மேல ஏறறேன் சார். இறங்கற வரைக்கும் இந்த இரும்பு ஏணியை நீங்க ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கோங்க."

மொத்தத்தில் இந்தத் தொழிலில் சமாளிக்கச் சுலபமான ஆசாமி கரண்ட்தான், அது எதிர்த்துப் பேசுவதில்லை.