யாரக்கா

பாத்திரம் கழுவும் தொட்டியில் ஒரு கோப்பை கிடந்தால் போதும், எங்கள் அலுவலக அக்கா அதைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு மேஜையாக வந்துவிடுவார். "இது யாருது?" உரியவர் கையைத் தூக்கும்வரை நகரமாட்டார். தொல்லை தாங்காமல் நாங்கள் அவரவர் கோப்பையின் பிடியில் ஒரு நிற நூலைக் கட்டிக்கொண்டோம். யோசனையும் அவருடையதுதான், நூலும் அவர் வீட்டு நூல்தான். எனக்குக் கிடைத்தது, எல்லோரும் வேண்டாமென்று ஒதுக்கிய பழுப்பு.

மருத்துவமனையின் மேல்மாடியில் எங்கள் கணினிப் பிரிவு இருக்கிறது. நோயாளிகளுக்குத் தேதி கொடுக்கும் மென்பொருளை எழுதிப் பராமரிப்பவர் அவர். அதற்கு விளக்கக் குறிப்பு எழுதும் நான் பக்கத்து நாற்காலி. 'சிஸ்டம் தேதியை மாத்திடுச்சு' என்று யாராவது வந்து நின்றால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "சிஸ்டம் தானா எதையும் மாத்தாது. யாரு மாத்துனா, அதைச் சொல்லுங்க." பெயரே யாரக்கா என்றாகிவிட்டது.

செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் சம்மணமிட்டு உட்கார்ந்தால்தான் அவருக்கு வேலை ஓடும். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, யாரு எடுத்தா என்று எங்களை விசாரிப்பார். வீட்டிலும் இதே கதைதான் என்று அவர் கணவர் ஒருமுறை அழாத குறையாகச் சொன்னார். மின்விசிறி சும்மா ஓடினால் விசாரணை, சீப்பு இடம் மாறினால் விசாரணை. "பிள்ளைங்க ரெண்டும் சேந்து என் பேரைச் சொல்லிடுதுங்க. நானும் ஒத்துக்கிறேன், சாப்பாடு ஆறுதுல்ல?"

மென்பொருளில் யார் என்ன செய்தாலும் சர்வர் என்கிற மையக் கணினி ஒரு வரி எழுதி வைக்கும். அதற்கு லாக் என்று பெயர். அது சொன்னால் யாரக்காவுக்கு வேறு சாட்சி வேண்டாம். கண் அறுவை சிகிச்சைக்காக வெறும் வயிற்றோடு வந்த ஒரு பெரியவரை, உங்கள் தேதி ரத்தாகிவிட்டது என்று ஒருநாள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ரத்து செய்தது யார் என்று மேலாளர் கேட்டார். யாரக்கா லாக்கைப் பார்த்துவிட்டு, முன்பதிவுக் கவுன்ட்டர் பெண்ணின் பெயரைச் சொன்னார். தான் அதைத் தொடவே இல்லை என்று அந்தப் பெண் சொன்னது எடுபடவில்லை. விசாரணை முடியும்வரை கீழ்த்தளத்தில் பழைய கோப்புகளை அடுக்கச் சொல்லி அனுப்பினார்கள். வேலையே போய்விடும் என்றுதான் பேச்சு.

பிறகு ஒரு மதியம், சாப்பிட்டு வந்து திரையைப் பார்த்தவர் உட்காராமல் நின்றார். ஏதோ ஒரு நோயாளியின் தேதியைச் சற்றுமுன் மாற்றியதாக யாரக்கா பெயரிலேயே ஒரு வரி இருந்தது. "நான் உன்கூடத்தானே சாப்பிட்டுட்டு இருந்தேன்?" என்றார் என்னிடம்.

தேடிப் பிடித்தார். நடக்கிற வேலை யாருடையது என்பதை, ஒரே சிலேட்டில் எழுதுவதுபோல, சர்வர் ஒரு பொது இடத்தில் வைத்திருந்தது. ஒருவர் வேலை பாதியில் காத்திருக்கும்போது இன்னொருவர் வந்தால், முதல் பெயரை அழித்துவிட்டு அடுத்த பெயரை எழுதிவிடும். முதல் வேலை முடியும்போது லாக்கில் விழுவது இரண்டாமவர் பெயர். இவர் திறந்து போட்டுவிட்டுப் போன பக்கம் புதிதாக ஏதும் உண்டா என்று தானாகவே சர்வரைக் கேட்டுக்கொண்டிருந்ததால், அன்று இவர் பெயர் அகப்பட்டது. கவுன்ட்டர் பெண்ணின் பெயரும் இப்படித்தான் விழுந்திருக்க வேண்டும்.

உடனே மாற்றி எழுத உட்கார்ந்தார். சர்வருக்கு வரும் ஒவ்வொரு கோரிக்கையும் தன் பெயரைத் தானே சுமந்து, போகிற இடமெல்லாம் அதையே காட்ட வேண்டும். உள்ளே கண்ட இடத்திலெல்லாம் கைவைக்கிற வேலை, ஆனால் வெளியே ஒரு பொத்தான்கூட மாறாது. இதனால் என்ன லாபம் என்று மேலாளர் முணுமுணுத்தார். "ஒவ்வொரு கோப்பைக்கும் அதோட நூல். அவ்வளவுதான் சார்."

சரி, அன்றைக்கு ரத்து செய்தது யார், ஒரு பெயரைக் கொடுத்தால் அந்தப் பெண்ணை விட்டுவிடலாம் என்றார் மேலாளர். பழைய வரிகளை யாரக்கா நாள்கணக்கில் புரட்டினார். அழிந்த பெயர் அழிந்ததுதான். சோற்றில்கூடக் கவனமில்லாமல் அவர் பட்ட பாட்டைப் பார்த்து எனக்கு மனசு கேட்கவில்லை, விடுங்க அக்கா என்றேன். அவர் விடவில்லை. கடைசியில் மேலாளர் முன்னால் போய் நின்றார்.

"யாருன்னு தெரியாது சார். இனிமேலும் தெரியப்போறதில்ல. ஆனா அந்தப் பொண்ணு பேரைச் சொன்னது நான். சொன்னது தப்பு." எழுதியும் கொடுத்தார். மேலாளருக்கு அதற்குமேல் வழியில்லை, அந்தப் பெண்ணை விட்டுவிட்டார்.

கீழ்த்தளத்துக்கு என்னையும் அழைத்துப் போனார். அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டார், நாளை முதல் கவுன்ட்டருக்கே வரலாம் என்றார். அவள் கைத்தூசியைத் தட்டினாள். பிறகு கேட்டாள், "அப்போ அதைப் பண்ணது யாருக்கா?"

"தெரியலம்மா."

அந்த வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

மறுநாள் காலை தொட்டியில் ஒரு கோப்பை கிடந்தது. அடியில் காபி காய்ந்து ஒட்டியிருந்தது, பிடியில் நூல் இல்லை. வழக்கம்போல அவர் அதைத் தூக்கினார். நாங்கள் எல்லோரும் அவசரமாக அவரவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டோம். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு குழாயைத் திறந்து, தானே கழுவிக் கவிழ்த்து வைத்தார்.