கிள்ளினால் பால் வடியும் இலை

என் தம்பி மனைவி தண்ணீர்ப் பானைக்குள் கையை விட்டு எதையோ தேய்ப்பதை நான் முதன்முதலாகப் பார்த்தபோது, அவள் எங்கள் வீட்டுக்கு வந்து பதினேழு நாள் ஆகியிருந்தது. நான் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். வந்தவள் ஒரு மாதத்துக்குள் தன் குணத்தைக் காட்டிவிடுவாள் என்பது என் கணக்கு.

அவள் பழவேற்காட்டு ஏரிக்கு வடக்கே, காட்டோரத்துக் குப்பம் ஒன்றில் பிறந்தவள். பாதி தெலுங்கு, பாதி தமிழ். என்னை "வதினா" என்பாள். நாத்தனாரை அவள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். அதில் மரியாதை இருக்கிறதா, கிண்டல் இருக்கிறதா என்று எனக்குப் பிடிபடவில்லை. நானோ புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, ஏரிக்குள் இருக்கும் பசியாவரத்தில் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள். ஆறு வருஷமாக அந்த வீட்டு அடுப்பையும் பானையையும் ஆண்டுகொண்டிருந்தேன். இப்போது என் பானைக்குள் இன்னொருத்தி கை.

"இன்னாத்த தேய்க்கற?" என்றேன்.

"தேத்தாங்கொட்ட வதினா. தேய்ச்சா கலங்கலு அடில நின்னுடும்."

உள்ளங்கையைத் திறந்து காட்டினாள். புளியங்கொட்டை அளவுக்கு, வெளுத்த உருண்டைக் கொட்டை ஒன்று. எங்கள் தீவில் மணலைத் தோண்டி ஊறும் தண்ணீரைத்தான் குடிப்போம். எப்போதும் கொஞ்சம் கலங்கலாகத்தான் இருக்கும். அன்று சாயங்காலம் பானைக்குள் எட்டிப் பார்த்தேன். அடிமண் தெரியும் அளவுக்குத் தண்ணீர் தெளிந்திருந்தது. கொட்டையை வைத்துச் சேற்றையே கீழே இழுத்து உட்கார வைக்கிறவள், என் தம்பியை உட்கார வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? மருந்து வைத்துப் புருஷனைக் கைக்குள் போட்டுக்கொண்ட பெண்களின் கதை ஒன்றிரண்டா கேட்டிருக்கிறேன்!

அதற்கு ஐந்தாம் நாள் வலைக்குச் சாயம் காய்ச்சினார்கள். பட்டைகளைக் கொதிக்க வைத்து, நூல் வலைகளை அந்தக் கஷாயத்தில் முக்கி எடுப்பார்கள். இல்லாவிட்டால் உப்புத்தண்ணீரில் வலை இற்றுப்போகும். சாயப்பானை அடுப்பண்டை பெண்கள் போகக் கூடாது என்பது எங்கள் குப்பத்து வழக்கம். விறகு மட்டும் நாங்கள் கொண்டுபோய்த் தூரத்தில் குவித்துவிட்டு வர வேண்டும். அந்தத் தடவை அடுப்பு பார்க்கும் முறை என் தம்பியுடையது. காலையிலிருந்து வெயில் சாயும்வரை விறகைப் பிளந்து, குனிந்து ஊதி, எரித்தான்.

வீட்டுக்கு வரும்போதே கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான். விடிந்தபோது இரண்டு கண்ணும் வீங்கி, இமை ஒட்டிக்கொண்டு, முகமே அவன் முகமாக இல்லை. பிரித்து விட்டால் சீழாக வடிந்தது.

"நைனா, ஒண்ணும் தெரியல நைனா," என்று எங்கள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

பிள்ளை பெற்றவளைக் கூப்பிட்டுத் தாய்ப்பால் விட்டோம், விளக்கெண்ணெய் விட்டோம், வீக்கம் அசையவில்லை. அவன் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டே இருந்தாள். அழவில்லை. அழாதது எனக்கு இன்னும் சந்தேகமாகப் போயிற்று. வாசலுக்கு வந்து, தெருவுக்கே கேட்கும்படி நான்தான் முதலில் சொன்னேன்.

"தண்ணில கொட்டய தேய்ச்சித் தேய்ச்சிக் குடுத்தா. எங்க வூட்டுப் புள்ள கண்ணு அவிஞ்சி போச்சி."

சொல்லி முடிப்பதற்குள் ஊர் கூடிவிட்டது. பெரியதனக்காரர் என்று நாங்கள் சொல்லும் ஊர்த்தலைவரும் வந்தார். அவர் முன்னால் அவள் அதே பானையிலிருந்து ஒரு சொம்பு நிறைய மொண்டு, நின்ற நிலையில் மடமடவென்று குடித்தாள்.

"பாருங்க. எனக்கு ஒண்ணும் ஆவல."

"மருந்து ஆம்பளைக்கு வச்சது. பொம்பளைய இன்னா பண்ணும்?" என்றேன். கூட்டம் என் பக்கம் தலையாட்டியது. எனக்கு நாக்கு நீளம். அன்று அதை முழு நீளத்துக்கும் நீட்டினேன்.

பெரியதனக்காரர் நாலு நாள் கொடுத்தார். அமாவாசையன்று யாரும் தொழிலுக்குப் போக மாட்டார்கள், அன்று ஊர் கூடும். அதற்குள் கண் போனதற்கு வேறு காரணம் தெரிந்தால் சரி, இல்லாவிட்டால் அவளைப் படகேற்றிப் பிறந்த ஊருக்கே அனுப்பிவிட வேண்டும் என்றார். மருந்து வைத்தவள் என்ற பேரோடு திரும்பிப் போகிறவளுக்கு எந்தக் குப்பத்திலும் வாசல் திறக்காது. இது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அவள் நேராகச் சாயம் காய்ச்சிய இடத்துக்குப் போனாள். அடுப்பு ஆறிக்கிடந்ததால் யாரும் தடுக்கவில்லை. நானும் பின்னாலேயே போனேன். எரியாமல் மிஞ்சிய விறகைக் கிளறி, அதிலிருந்து இலையோடும் பூவோடும் இருந்த ஒரு கிளையை இழுத்தாள். இலை தடித்து, எண்ணெய் தடவியதுபோல் பளபளத்தது. ஒன்றிரண்டு இலை மட்டும் நல்ல சிவப்பு. இலைக்காம்பின் இடுக்கில் சுண்டுவிரல் நீளத்துக்கு மஞ்சள் பூச்சரம் தொங்கியது. ஓர் இலையைக் கிள்ளினாள். வெள்ளையாகப் பால் வடிந்தது. விரலில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

"இது இன்னா மரம் வதினா?"

"மரம் மரந்தான்," என்றேன்.

பொய் சொல்லவில்லை. பனை, பூவரசு, கண்டல் இவற்றுக்குப் பேர் தெரியும். மற்றபடி எங்கள் தீவில் மரம் இரண்டே சாதி, மிதப்பது ஒன்று, எரிவது ஒன்று. ஏரியில் நூறு மீனுக்குக் குஞ்சில் ஒரு பேர், பருத்தால் ஒரு பேர் சொல்வோம். மரத்தைக் கேட்டால் விறகு என்போம்.

ஆனால் அந்தக் கிளை எனக்கு அடையாளம் தெரிந்தது. அது நான் வெட்டியது. வழக்கமாக விறகெடுக்கும் கரை மொட்டையாகிவிட்டதால், அந்தத் தடவை படகைத் தெற்கே தள்ளி, காட்டுப்பள்ளிப் பக்கத்து உப்பங்கழியோரத்தில் வெட்டினேன். வெட்டிய மறுநாள் என் மணிக்கட்டில் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. ஏரியில் சொறிமீன் பட்டால் அப்படித்தான் எழும்பும். சொறி பட்டிருக்கிறது என்று துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைப் பார்த்தேன். அந்தத் துணி இன்னும் கையில் இருந்தது. விறகுக் குவியலில் ஏழெட்டு வீட்டு விறகு கலந்திருந்தது. எது யாருடையது என்று யாருக்கும் தெரியாது, எனக்குத் தவிர.

அவள் அந்தக் கிளையை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு, மரத்தின் பேர் தெரிந்தவர்களைத் தேடிக் கிளம்பினாள். தனியாக விட்டால் ஊருக்கு ஓடிவிடுவாள் என்று நைனாவிடம் சொல்லி நானும் காவலுக்குப் போனேன். உண்மையில் அவள் யாரிடம் என்ன கேட்கிறாள், என்ன பதில் வருகிறது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

கோட்டைக்குப்பத்தில் படகு தச்சரிடம் காட்டினாள். அவர் கிளையை நகத்தால் கீறிப் பார்த்து, "பலகைக்கு ஆவாது," என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்த நாள் பழவேற்காட்டுக் கோட்டைக்கே போனாள். அங்கே ஒல்லாந்து வெள்ளைக்காரர் ஒருவர் இலையும் பூவும் பறித்துக் காகிதத்தில் ஒட்டி வைக்கிறார் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். தின்னவும் இல்லாமல் எரிக்கவும் இல்லாமல் இலையை ஒட்டி வைக்கிறவரை நான் எப்படி நம்புவேன்? அகழி ஓரத்துத் தோட்டத்தில் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் பேச்சைத் தமிழில் மாற்றிச் சொல்லும் துபாஷி. அவள் துணியைப் பிரித்ததும் அந்த மனிதருக்கு முகமெல்லாம் சிரிப்பு. கட்டுக்கட்டாகக் காகிதங்களைப் புரட்டி, ஒன்றை எடுத்து எங்கள் கிளைக்குப் பக்கத்தில் வைத்தார். இலையின் ஓரம் ஒத்துப்போனது, பூச்சரம் ஒத்துப்போனது. ஆனால் அது காய்ந்து பழுப்பாகிக் கிடந்தது. அதன் பேர் என்று துபாஷி சொன்னது எங்கள் வாயில் நுழையாத ஏதோ ஒன்று.

"இது கண்ண கெடுக்குமானு கேளுங்க," என்றாள்.

கேட்டார். அந்த மனிதருக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஒரு இலையைக் கிள்ளி, பாலை நாக்கில் வைத்துப் பார்க்கப் போனார். அவள் அவர் கையைப் பளாரென்று தட்டிவிட்டாள். துபாஷி எழுந்து நின்றுவிட்டார். நான் அவளை விட்டுத் தள்ளி நின்றுகொண்டேன். கோட்டைக்காரரை அடித்த பெண்ணோடு வந்தவள் என்று என்னையும் அல்லவா சேர்த்துக் கட்டுவார்கள்! அந்த மனிதர் தன் கையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே இலையைக் கீழே போட்டு, மணலை எடுத்து விரலைத் தேய்த்துக்கொண்டார்.

"எங்க பறிச்சாராம்? அதயாவது சொல்ல சொல்லுங்க," என்றாள்.

காகிதத்தின் மூலையில் எழுதியிருந்ததைத் துபாஷி படித்தார். தெற்கே, காட்டுப்பள்ளிக்குப் போகும் வழியில், கழியோரம். நான் வானத்தைப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் காலை, படகைத் தெற்கே தள்ளச் சொன்னாள். கரையில் ஆடு மேய்க்கும் பெண்ணொருத்தி இருந்தாள். அவளிடம் கிளையைக் காட்டியதும் இரண்டடி பின்னால் போனாள்.

"அத்த கீழ போடு. தில்ல மரம் அது. பாலு கண்ணுல பட்டா கண்ணு போய்டும். பட்ட எடத்துல கொப்பளம் போடும். பச்சையா எரிச்சா பொகையே போதும். எங்க ஆடு அந்தப் பக்கம் போனாலே நான் கல்ல எடுப்பேன்."

தில்லை. கோயில் ஊரின் பேர் என்று அந்த வார்த்தையைச் சொல்லிக் கும்பிட்டிருக்கிறோம். அது ஒரு மரம் என்பதும், அதை வெட்டிக் கட்டாகக் கட்டி என் தம்பியின் அடுப்புக்கு நானே கொடுத்தேன் என்பதும் அன்றுதான் தெரிந்தது. பயந்துபோனேன். தம்பிக்காகப் பயந்தேனா, எனக்காகப் பயந்தேனா என்று கேட்டால் இன்றைக்கும் நேராகப் பதில் சொல்ல முடியாது.

ஆட்டுக்காரி கைகாட்டிய மரம் தண்ணீர் ஓரத்திலேயே நின்றது. பூச்சரங்களில் தேனீக்கள் மொய்த்தன. தாழ்வான கிளைகள் நாலைந்து வெட்டுப்பட்டிருந்தன. வெட்டுவாயில் பால் உறைந்து கறுத்திருந்தது. தம்பி மனைவி குனிந்து ஒவ்வொரு வெட்டாகப் பார்த்தாள். எல்லா வெட்டும் இடப்பக்கத்திலிருந்து விழுந்தவை. எங்கள் குப்பத்தில் இடது கையால் கத்தி பிடிக்கிறவள் நான் ஒருத்திதான். நான் மீன் நறுக்குவதைத் தினமும் எதிரே உட்கார்ந்து பார்த்தவள் அவள். நிமிர்ந்தாள். என் மணிக்கட்டில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தாள். நான் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன்.

"போலாம் வதினா," என்றாள். கரைக்குப் போனதும் கூவிச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். கூவவில்லை. ஊர் கூடட்டும், மொத்தப் பேர் முன்னால் மானத்தை வாங்கலாம் என்று வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

அமாவாசையன்று ஆட்டுக்காரியும் எங்கள் தீவுக்கு வந்து, தில்லைப் பாலைப் பற்றித் தன் வாயால் சொன்னாள். அவளுக்கே ஒருதரம் ஒரு கண் மூடிப் போய், இருபது நாள் கழித்துத் திறந்ததாம். தம்பி பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டான். அவன் மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. பெரியதனக்காரர் தம்பி மனைவியைப் பார்த்து, "உம்மேல தப்பில்ல," என்றார். பிறகு கேட்டார்.

"அந்த வெறக யாரு வெட்டியாந்தது?"

அவள் கூட்டத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"வெட்டுனவங்களே சொல்லுவாங்க," என்றாள்.

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தெருவுக்கே கேட்கும்படி கூவிய என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. காலடி மணலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "யாரோ தெரியாம வெட்டிட்டாங்க, வுடு," என்று பெரியதனக்காரர் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்.

ஒரு மாதத்தில் தம்பிக்குப் பார்வை திரும்பியது. அதற்குப் பிறகுதான் எனக்குத் தூக்கம் கெட்டது. ஏன் சொல்லவில்லை? எப்போது சொல்லப்போகிறாள்? சோறு போடும்போது கொஞ்சம் அதிகமாகப் போட்டால், எதற்கு இந்தக் கரிசனம் என்று யோசிப்பேன். தம்பியோடு அவள் தாழ்ந்த குரலில் பேசினால் காதைத் தீட்டிக்கொள்வேன். வருஷங்கள் போயின. அவள் சொல்லவே இல்லை. தம்பி போய்ச் சேர்ந்து மூன்று வருஷமாகிறது, கடைசிவரை அவனுக்குத் தெரியாது. அதனால்தான் இதை இப்போது சொல்ல முடிகிறது.

அவள் செய்தது ஒன்றே ஒன்றுதான். அமாவாசை கழிந்து நான் முதல் விறகுக் கட்டைக் கொண்டுவந்து இறக்கியபோது, வாசலுக்கு வந்து அதை அவிழ்த்தாள். ஒவ்வொரு கிளையாக எடுத்து, ஒரு இலையைக் கிள்ளி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பால் இல்லை என்று தெரிந்த பிறகே உள்ளே எடுத்துப் போனாள். மற்ற வீட்டுப் பெண்கள் எப்போதாவது கடன் கொடுக்கும் விறகை அப்படிப் பார்ப்பதில்லை. முதல் தடவை எனக்குக் கோபம் வந்தது.

"இன்னும் இன்னாத்த பாக்கற?"

"எலைய பாக்கறேன் வதினா."

எங்கள் இருவருக்கும் தலை நரைத்துவிட்டது. இப்போது நான் கொண்டுவருவது சுள்ளிதான், அதில் இலை இருப்பதே அபூர்வம். இருந்தாலும் அவள் வந்து கட்டை அவிழ்க்கிறாள். அவள் பார்த்து முடிக்கும்வரை நான் வாசலில் நிற்கிறேன்.